முட்டுக்குப் பின்னால் பார்த்தார்களா? குமரி எல்லையில் கால் சிரை அன்யூரிசம் சிகிச்சை: ஒரு மதிப்புரை

‘நோ எவிடென்ஸ் ஆஃப் டிவிடி.’ கால் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் இருக்கும், அதாவது காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இல்லை என்று. கீழே கையெழுத்து, சீல், பின்னடித்த நாலு கறுப்பு வெள்ளைப் படம். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து மூச்சுமுட்டி வந்தவருக்குக் காலில் ஒன்றும் இல்லை என்றால் நல்ல சேதிதானே என்று வீட்டார் நிம்மதியாகி விடுகிறார்கள். அந்த வரி பொய்யும் இல்லை. கட்டி இப்போது காலில் இல்லைதான், அது நுரையீரலுக்குப் போய்விட்டது. அது இத்தனை நாள் குடியிருந்த பை, அதாவது சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) புடைத்த அன்யூரிசம், முட்டுக்குப் (முழங்காலுக்குப்) பின்னால் அப்படியே இருக்கிறது, அடுத்ததை உறையவைத்துக்கொண்டு.

அந்தப் பையைக் கண்டுபிடிப்பது, அறுத்துச் சரிசெய்வது, பிறகு ஒரு வருடம் பின்தொடர்வது ஆகிய மூன்று வேலையும் களியக்காவிளை, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு ஒழுங்காகக் கிடைக்கின்றன என்பதே இந்த மதிப்புரை. ஒரு பக்கம் நாகர்கோவில், மறுபக்கம் திருவனந்தபுரம், நடுவில் தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர். எந்த ஸ்கேன் சென்டரின் பெயரையும் போடவில்லை. ஒரே சென்டரில் திங்கட்கிழமை ஒரு கை புரோப் (காலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) பிடிக்கிறது, வியாழக்கிழமை வேறொரு கை. மதிப்பெண் கட்டடத்துக்கு இல்லை, வேலைக்கு.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை. முழங்காலை மடக்கினால் பின்னால் குழி விழும் இடத்தில் பாப்ளிட்டியல் சிரை ஓடுகிறது. கெண்டைக்காலில் இருந்து ஏறும் ரத்தத்தில் பெரும்பங்கு இதன் வழிதான் போகிறது. அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். சிலருக்குச் சுவரின் ஒரு பகுதி தளர்ந்து இரண்டு மூன்று மடங்காகப் புடைத்துவிடும். பக்கவாட்டில் பை தொங்குவதுபோல் ஒரு வகை, குழாய் முழுக்கச் சுற்றிப் பருத்தது இன்னொரு வகை. பை வகைதான் அதிகம், ஆபத்தும் அதற்கே அதிகம். பைக்குள் ரத்தம் ஓடாமல் சுழலும், தேங்கும், உறையும். நடக்கும்போது கெண்டைச் சதை பிழியும் வேகத்தில் கட்டி உதிர்ந்து தொடைச் சிரை, வயிற்றுப் பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம் என்று ஏறி நுரையீரலில் போய் அடைக்கும். காலில் வலியோ நீரோ இல்லாமலே இது நடக்கலாம். நுரையீரல் அடைப்புக்கு இந்தப் பை காரணமாக இருக்கும் என்று மருத்துவ இதழில் எழுதப்பட்டது 1976-இல். அபூர்வமான நோய்தான். ஆனாலும் வேறு காரணம் தெரியாத நுரையீரல் அடைப்பு, மருந்து சாப்பிடும்போதே திரும்ப வந்த அடைப்பு, முட்டுக்குப் பின்னால் மெத்தென்ற வீக்கம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தேடாமல் விடக்கூடாது.

பேச்சில் ஒரு குழப்பம் உண்டு. நம் பக்கத்தில் சிரையும் நரம்பு, நரம்பும் நரம்பு. எல்லை தாண்டினால் ஞரம்பு. ‘முட்டுக்குப் பொறத்த நரம்பு வீங்கியிருக்கு’ என்று சொன்னதை வைத்து மூளை நரம்பு டாக்டரிடம் டோக்கன் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியது வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தக்குழாய் அறுவை நிபுணர்.

இனி டாப்ளர். இந்தச் சேவைக்கு நாங்கள் கொடுப்பது பத்துக்கு நாலு. மெஷின் குறை இல்லை. பெரும்பாலான இடங்களில் இருக்கும் மெஷின் இந்த வேலைக்குத் தாராளம், 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் தட்டையான லீனியர் புரோப் இருந்தால் போதும். குறை, பார்க்கும் முறையில் இருக்கிறது. அவசரத்தில் செய்யும் டிவிடி ஸ்கேன் என்பது தொடை இடுக்கிலும் முட்டுக்குப் பின்னாலும் சிரையைப் புரோப்பால் அமுக்கிப் பார்ப்பது. அமுங்கினால் கட்டி இல்லை, அமுங்காவிட்டால் கட்டி. அந்தக் கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் காலியான அன்யூரிசமும் நன்றாகவே அமுங்கும். மல்லாக்கப் படுத்திருக்கும் ஆளுக்குச் சிரையில் ரத்தம் குறைவு, பையும் சுருங்கிக் கிடக்கும். அளவு எடுக்காமல் அமுக்கி மட்டும் பார்த்தால் பையைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். அப்படித்தான் போகிறார்கள்.

சரியாகச் செய்யும் இடத்தில் அறைக்குள் நடப்பது வேறு மாதிரி இருக்கும். ஆளை முதலில் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து முட்டை 20, 30 டிகிரி மடக்கச் செய்வார்கள். முட்டு விறைப்பாக நீண்டிருந்தால் சிரை எலும்போடு ஒட்டி நசுங்கிவிடும், அதனால்தான் இந்த மடக்கல். பிறகு, ‘அம்மா, எழும்பி நில்லுங்க, கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க, வலது காலில் எடை போடுங்க, இடது கால் தளர்வா இருக்கட்டும்’ என்பார்கள். நின்ற ஒரு நிமிடத்தில் சிரை நிரம்பும். புரோப்பைக் குறுக்காக வைத்து, ஜெல்லின் மேல் மிதக்கிறாற்போல் பிடித்து, தொடையின் கீழ்ப்பகுதியில் இருந்து கெண்டையின் மேல்பகுதி வரை மெதுவாக இறக்கிக்கொண்டே வருவார்கள். திரையில் மேலே சிரை, அதற்குக் கீழே துடிக்கும் தமனி. பை வரும் இடத்தில் வட்டம் சட்டென்று விரியும். உள்ளே முழுக்கக் கறுப்பாக இருக்காது. தேங்கிய ரத்தம் ஊதுபத்திப் புகைபோலச் சாம்பல் நிறத்தில் மெல்லச் சுழலும். மற்றொரு கையால் கெண்டையை இலேசாக அமுக்கினால் நிறம் உள்ளே பாய்ந்து ஒரு சுற்றுச் சுற்றி அடங்கும். அந்த ஒரு காட்சி போதும், இது நீர்க்கட்டி இல்லை, சிரைதான் என்று சொல்வதற்கு.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. முதலாவது, கலர் அளவுகோலைத் தமனிக்கு வைத்த வேகத்திலேயே விட்டுவிடுவது. பைக்குள் ஓட்டம் மிக மெது. அளவுகோலை நொடிக்கு 5, 10 சென்டிமீட்டருக்கு இறக்காவிட்டால் நிறமே ஏறாது, ‘பேக்கர்ஸ் சிஸ்ட்’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். முட்டு மூட்டின் நீர் பின்னால் பிதுங்கி வருவதுதான் பேக்கர்ஸ் சிஸ்ட். அது குழியின் உட்பக்கம், இரண்டு தசைநார்களுக்கு நடுவே கழுத்து வைத்து இருக்கும். அதற்கு ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். அதே ஊசியைச் சிரைப் பைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது தவறு, பைக்குள் கட்டி ஆடிக்கொண்டிருப்பது கண்ணில் பட்ட பிறகும் அமுக்கிப் பார்ப்பது. ஆடும் கட்டி தெரிந்தால் அமுக்கும் வேலை அதோடு முடிந்தது. படத்தைப் பதிவு செய்து, ஆளைப் படுக்கவைத்து, அனுப்பிய டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

ரிப்போர்ட் வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று பார்க்க வேண்டியவை இவை. பையின் முன்பின் அளவும் குறுக்களவும் மில்லிமீட்டரில், படுத்த நிலையா நின்ற நிலையா என்ற குறிப்போடு. அதற்கு மேலும் கீழும் சிரையின் இயல்பான அகலம். பை வகையா, சுற்றிப் பருத்ததா. நீளம். உள்ளே கட்டி உண்டா, எவ்வளவு கனம், சுவரில் ஒட்டியதா ஆடுவதா. முட்டு மடிப்பில் இருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே. கெண்டையின் பின்பக்கம் தோலுக்கடியில் ஏறும் சின்ன சஃபீனஸ் சிரை எங்கே வந்து சேர்கிறது. மறுகாலிலும் பார்த்தார்களா என்பதையும் விடாதீர்கள், சிலருக்கு இரண்டு காலிலும் இருக்கும். எண்ணே இல்லாத ரிப்போர்ட்டை வைத்து எந்த சர்ஜனும் முடிவு எடுக்க முடியாது, இன்னொரு ஸ்கேனுக்குத்தான் எழுதுவார். இரண்டு நிமிட ஸ்கேனுக்கும் அரைமணி நேர ஸ்கேனுக்கும் ஒரே சீட்டு, ஒரே கட்டணம். ஆகவே புக் செய்யும்போதே ‘இரண்டு கால் வீனஸ் டாப்ளர், நிற்க வைத்து, முட்டுக்குப் பின்னால் அளவோடு’ என்று சீட்டில் எழுதி வாங்கிப் போவது உத்தமம். அப்படி எழுதிப் போனால் நாலு மார்க் இடம்கூட ஏழு மார்க் வேலை செய்கிறது.

குமரிக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. முட்டுக்குப் பின்னால் வீக்கம் என்றதும் நேரே வர்ம ஆசானிடம் போய்த் தைலம் போட்டுத் தடவுவது இங்கே பழக்கம். வர்ம வைத்தியத்தைக் குறை சொல்வதற்கு இல்லை. பிடிப்புக்கும் சுளுக்குக்கும் அது நின்று பேசும் வைத்தியம். ஆனால் கெண்டையில் இருந்து மேல்நோக்கி அழுத்தித் தடவுவது, உள்ளே கட்டி இருக்கும் சிரைக்குப் பற்பசை டியூபைப் பிதுக்குவதற்குச் சமம். எல்லைக்கு அப்பால் உழிச்சில் என்று எண்ணெய் விட்டுச் செய்வதும் அதே கதைதான். ஸ்கேன் முடியும்வரை அந்தக் காலில் கை வைக்க வேண்டாம் என்று ஆசானிடமே சொல்லுங்கள், விவரம் உள்ளவர் அவரே அனுப்பிவைப்பார்.

சாயம் ஏற்றி எடுக்கும் நுரையீரல் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் நன்றாகவே செய்கிறார்கள். பத்துக்கு எட்டு. முழங்கையில் 18 அல்லது 20 கேஜ் ஊசி போட்டால்தான் சாயம் போதிய வேகத்தில் ஏறும். புறங்கையில் போட்ட மெல்லிய ஊசியோடு அனுப்பினால் படம் மங்கும். சிறுநீரக ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் ரிப்போர்ட் கையோடு வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். ஒன்று கேட்டுப் பாருங்கள்: அதே சாயத்திலேயே மூன்று நிமிடம் பொறுத்துக் கால்வரை படம் எடுக்க முடியும். கதிர்வீச்சு கொஞ்சம் கூடும், ஆனால் முட்டுக்குப் பின்னால் இருக்கும் பையின் வரைபடம் அன்றைக்கே கிடைத்துவிடும்.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், மயக்கம் இவற்றுக்கு ஸ்கேன் சென்டர் தேடி அலையக்கூடாது. 108-தான். அந்த எண் தமிழ்நாட்டிலும் உண்டு, கேரளத்திலும் உண்டு. எல்லையோரத்தில் இருந்து கூப்பிடும்போது எந்த மாநிலம், எந்த ஊர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் முதலில் கொடுப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி. எனாக்ஸாபாரின் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் சரியாக வேலை செய்பவருக்கு. ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு மட்டும் கட்டியைக் கரைக்கும் மருந்து. எடையைக் கேட்காமல் ஊசி போட வந்தால், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து அறுவை. ரத்தம் உறையாத மருந்து மட்டும் போதாதா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. இப்போது இருக்கும் கட்டிக்கு அது போதும், பைக்குப் போதாது. மருந்து பையைச் சுருக்காது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி நுரையீரல் அடைத்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே பை வகை என்றால் அளவு எதுவானாலும் அறுவை, சுற்றிப் பருத்த வகை 20 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உள்ளே கட்டி இருந்தாலோ அறுவை என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் வழி. சின்னதாக, கட்டி இல்லாமல், தொந்தரவும் இல்லாமல் இருக்கும் சுற்றுப் பருமனை ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

அறுவை நடக்கும் விதம் இது. ஆளைக் குப்புறப் போட்டு, முட்டுக்குப் பின்னால் எஸ் எழுத்துப்போல் வளைத்து வெட்டுவார்கள். நேர்க்கோட்டில் மடிப்பைக் குறுக்கே வெட்டினால் தழும்பு இறுகிக் கால் நீளாமல் போகும். தோலுக்குக் கீழே முதலில் வருவது டிபியல் நரம்பு, வெளிப்பக்கம் ஒதுங்கிப் போவது பெரோனியல் நரம்பு. இரண்டையும் மெல்லிய ரப்பர் நாடாவால் விலக்கிப் பிடித்த பிறகே சிரை தெரியும். அன்யூரிசத்தின் சுவர் மிக மெல்லியது, நீலம் பாரித்து, உள்ளே இருக்கும் ரத்தம் நிழலாடும். அதைப் பிசையக் கூடாது. ஹெப்பாரின் கொடுத்து, முதலில் மேல்பக்கம் கிளாம்ப் (குழாயை மூடும் கவ்வி), பிறகு கீழ்பக்கம். கிளாம்ப் போடுவதற்கு முன் பையை அதிகம் தொட்டால், உள்ளே இருக்கும் கட்டி மேஜையிலேயே நுரையீரலுக்குப் போய்விடும். இதே காரணத்துக்காக, காலைச் சுற்றி ரப்பர் பேண்டேஜை இறுக்கி ரத்தத்தைப் பிழிந்து எடுக்கும் வழக்கமான எலும்பு ஆபரேஷன் முறை இங்கே கூடாது.

திறந்ததும் சுவரில் ஒட்டிய கட்டியை எடுத்துவிட்டு, பையைப் பக்கவாட்டில் சீவி எடுப்பார்கள். மீதமிருக்கும் சிரை இயல்பான அகலத்துக்கு வரும்படி விட்டு, 5-0 அல்லது 6-0 புரோலின் நூலில் தைப்பார்கள். பை வகைக்குப் பெரும்பாலும் இதுவே போதும். அதிகமாகச் சீவினால் வழி குறுகி அந்த இடத்தில் உறையும், குறைவாகச் சீவினால் பை திரும்ப விரியும். சர்ஜன் கையின் கணக்கு முழுக்க இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. சிரை சுற்றிலும் கெட்டிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து, நீளம் இருந்தால் முனைக்கு முனை தைப்பார்கள், இல்லாவிட்டால் காலின் உட்பக்கம் தோலுக்கடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரையில் இருந்து துண்டு எடுத்து இணைப்பார்கள். அதனால் டாப்ளரில் அந்த சஃபீனஸ் சிரையையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெரிகோஸ் லேசர் செய்து அதை அடைத்துவிட்டவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அனுபவமுள்ள வாஸ்குலர் பிரிவில் இந்த அறுவைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கத் தயக்கமே இல்லை. அந்த ஒரு மார்க் நரம்புக்காகப் பிடித்துக்கொண்டது. விரலை மேலே தூக்க முடியாமை, பாதத்தில் மரமரப்பு என்று சிலருக்கு வரும், பெரும்பாலும் வாரங்களில் சரியாகும். மயக்கம் தெளிந்ததும் ‘விரலை மேலே தூக்குங்க, கீழே அமுக்குங்க’ என்று கேட்பது அதற்காகத்தான். திருவனந்தபுரத்தில் ‘கால் அனக்கல்லே’ என்று நர்ஸ் சொன்னால் கட்டு பிரியாமல் இருக்க முட்டை அசைக்காதே என்று அர்த்தம், விரலை அசைக்கலாம், அசைக்கவும் வேண்டும். முதல் இரண்டு நாளில் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. ஹெப்பாரினை மறுபடி தொடங்குவதால் குழிக்குள் ரத்தம் கட்டும் வாய்ப்பு உண்டு. கெண்டை கல்போல் இறுகினால், கசியும் ரத்தம் சேரும் டிரெயின் பாட்டில் சட்டென்று நிறைந்தால், மரமரப்பு நேரம் போகப்போகக் கூடினால் இரவு இரண்டு மணி என்றாலும் பெல்லை அடியுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு டாப்ளர் எடுத்து வழி திறந்திருப்பதை உறுதி செய்யாத இடம் இருந்தால், நாங்கள் மதிப்பெண்ணில் பாதியை வெட்டிவிடுவோம்.

அறுவைக்கு முன் மருந்தை நிறுத்தும் கணக்கிலும் குளறுபடி நடக்கிறது. முதுகில் ஊசி போட்டு மரக்க வைப்பதாக இருந்தால், முழு அளவு எனாக்ஸாபாரின் கடைசியாகப் போட்டு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ரத்தம் உறையாத மாத்திரையான ரிவராக்ஸபான் சாப்பிட்டவர் மூன்று நாள் முன்னதாக நிறுத்தியிருக்க வேண்டும். அதே வேலைக்கான பழைய மாத்திரை அசிட்ரோம் என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) 1.5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அட்மிஷன் அன்று காலையில் பழக்க தோஷத்தில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து தியேட்டர் ரத்தானவர்கள் உண்டு. நிறுத்தும் தேதியை டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயிற்றுப் பெருஞ்சிரையில் போடும் குடை வடிவ ஃபில்டர் எல்லாருக்கும் வேண்டியதில்லை. ரத்தக்கசிவால் மருந்தே கொடுக்க முடியாதவர், அல்லது ஆடும் கட்டியோடு அறுவைக்குப் போகிறவர், இவர்களுக்குத் தற்காலிகமாகப் போடுவார்கள். போடும் அன்றே எடுக்கும் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மறந்துபோன ஃபில்டரே பின்னால் அடைப்புக்குக் காரணமாகும். ஸ்டென்ட் போட்டு முடித்துவிடலாமே என்று விளம்பரம் பார்த்துக் கேட்பவர்களுக்கு: முட்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை மடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்த இடத்தில் உலோகம் தாங்காது.

எங்கே போவது? நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பது. அவசரத்துக்கும் ஊசிக்கும் முதல் மதிப்பீட்டுக்கும் அங்கே போவதே சரி. திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீசித்ராவும் இருக்கின்றன. ஸ்ரீசித்ரா 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. இதயத்துக்கும் மூளைக்கும் குமரி மக்கள் தலைமுறையாகப் போய்வரும் இடம். டாக்டர் கடிதமும் பழைய ரிப்போர்ட்டும் இல்லாமல் கைவீசிப் போகிற இடம் இல்லை. காப்பீட்டுக் கார்டு வைத்திருப்பவர்கள் எல்லையைத் தாண்டும் முன், போகும் மருத்துவமனை கார்டின் பட்டியலில் இருக்கிறதா, இந்த அறுவைக்கு முன் அனுமதி வாங்கித் தருவார்களா என்று காப்பீட்டு மேஜையிலேயே கேட்டுவிடுங்கள். அட்மிஷன் ஆன பிறகு கேட்டால் பதில் எப்போதும் ‘முன்பே சொல்லியிருக்கலாமே’தான்.

பின்தொடர்தலில்தான் எல்லையோரச் சேவை மிகவும் சறுக்குகிறது. பத்துக்கு மூன்று. அறுவைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மாதம் ரத்தம் உறையாத மருந்து உண்டு, நுரையீரல் அடைத்தவருக்கு இன்னும் நீளலாம். அசிட்ரோம் என்றால் ஐஎன்ஆர் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். முதலில் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். நீல மூடி டியூபில் உள்ள கோடு வரை ரத்தம் நிறைந்தாக வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு டியூபில் உள்ள உறையாத திரவம் சிட்ரேட் ஒரு பங்கு என்பது கணக்கு. சின்ன லேபில் ரத்தம் சரியாக வராமல் அரை டியூபோடு நிறுத்தினால் ஐஎன்ஆர் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், கட்டி உருவாகும். டியூப் நிறையவில்லை என்றால் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஒரே லேபிலேயே தொடர்ந்து கொடுங்கள்.

அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது. கடையில் ‘2 இல்லை, 4 இருக்கு, பாதியா ஒடச்சுக்கிடுங்க’ என்பார்கள். ஒருநாள் ஒடிக்க மறந்தால் இரட்டை டோஸ். வேறு கடை பாருங்கள். மாலையில் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள், ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். முருங்கைக்கீரையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று சாப்பிடுவதுதான் கெடுதல். ரிவராக்ஸபான் என்றால் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் காலை மாலை, பிறகு 20 மில்லிகிராம் ஒருவேளை. இந்த அளவுகள் இரண்டும் சாப்பாட்டோடுதான். வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு (பால் விடாத டீயோடு) விழுங்கினால் மருந்து முழுதாக ஏறாது. ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லை என்பது இதன் வசதி. டைக்குளோஃபெனாக், புரூஃபென் என்ற வலி மாத்திரை இரண்டுக்கும் தடா. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இந்த மாதங்களில் கையுறை போட்டாக வேண்டும், கத்தி பட்டால் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட வெகுநேரம் ஆகும். சரிவில் குந்தி வெட்டும் வேலைக்குத் திரும்பும் தேதியை சர்ஜனே சொல்ல வேண்டும், மேஸ்திரி இல்லை.

புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ரோம்பின் போன்ற பரம்பரை உறைவுச் சோதனைகளை அசிட்ரோம், ஹெப்பாரின் நடுவில் எடுத்துக் காசைக் கரைக்கிறார்கள். அசிட்ரோம் முதல் இரண்டையும் குறைத்துக் காட்டும், ஹெப்பாரின் மூன்றாவதைக் குறைத்துக் காட்டும். எப்போது எடுப்பது என்று கேட்டு எடுங்கள்.

காலுறை விஷயத்தில் மார்த்தாண்டத்துக் கடைகள் ‘மீடியம் போதும்’ என்று கண்ணால் அளக்கின்றன. கிளாஸ் 2, அதாவது 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று எழுதியிருந்தால், கணுக்காலின் ஒல்லியான இடம், கெண்டையின் பருத்த இடம், தொடை மூன்றையும் டேப் வைத்து அளக்க வேண்டும். அதுவும் காலையில், நீர் இறங்குவதற்கு முன். முட்டளவு காலுறையின் மேல்விளிம்பு சரியாகத் தையல் மேலேயே வந்து வெட்டும், தையல் ஆறும்வரை தொடையளவே நல்லது. சுருண்டு இறங்கினால் அது காலுறை இல்லை, கயிறு. சர்க்கரையும் புகையும் உள்ளவர்களுக்குப் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். சித்திரை வெயிலில் புழுங்கும், தினம் துவைத்து நிழலில் உலர்த்துங்கள், ஆறு மாதத்தில் இழுவை போய்விடும்.

டாப்ளரை ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுத்து, தைத்த இடம் விரிகிறதா குறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் மாடிப்படி ஏற மூச்சு வாங்கினால் காலை மட்டும் பார்த்து நிறுத்தாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள். நுரையீரலில் பழைய கட்டி தழும்பாகி அழுத்தம் ஏறியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பழைய எண்களோடு ஒப்பிட்டால்தான் ஸ்கேனுக்கு அர்த்தம். ஆனால் ஸ்கேன் சென்டரில் தரும் அந்தச் சின்னப் படங்கள் தெர்மல் தாளில் அச்சானவை. பைக் டேங்க் கவரில் நாலு நாள் வெயிலில் கிடந்தால் படம் மங்கி மறைந்துபோகும். வாங்கிய அன்றே போனில் படம் பிடித்து வைத்து, படம் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.